குட்டிக்குத் தகப்பன் பேர்

“…தாயை அன்னைக்கே சபையில சொல்லியாச்சு, சரி. தாயை இங்கன ஆரு கேட்டா? தகப்பன் ஆரு, அதைச் சொல்லும்வே. சொல்லிட்டுப் பெறகு காலைக் கழுவும்.”

என் பெரிய மாமனார் வாசற்படியில் நின்று கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவன் என் அண்ணன். கேட்கப்பட்டது ஒரு நாய்க்குட்டியின் பிறப்பைப் பற்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் ஏதோ பெரிய வழக்கு நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நடந்தது பெரிய வழக்குத்தான் என்பது வேறு சங்கதி.

அண்ணன் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பகலும் ஒரு இரவும் வண்டி ஓட்டிக்கொண்டு பேட்டைக்கு வந்திருந்தான். புழுதியில் அவன் மீசையும் புருவமும் ஒரே நிறமாக இருந்தன. கால் கழுவ நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவன் குனிந்து கையை நீட்டினான். அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். செம்பு என் கையிலேயே நின்றுபோயிற்று. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கை சுடுகிறது. வழிப்போக்கனுக்குக்கூடத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஆறு ஓடுகிற ஊர்க்காரனுக்குத் தண்ணீரின் அருமை தெரியாது என்று எங்கள் கரிசலில் சொல்வது சும்மா இல்லை.

குட்டி வந்த கதையைச் சொன்னால்தான் இந்தக் கோபம் விளங்கும்.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன்தான் என்னை வளர்த்தான். பேட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வெற்றிலைத் தட்டு மாற்றுகிற நேரத்தில், சபையில் எல்லாரும் கேட்க அவன் சொன்னான்: “தங்கச்சியோட ஒரு கன்னிக்குட்டியும் வரும்.”

கன்னி என்பது எங்கள் பக்கத்து வேட்டை நாய். முயலை விரட்டினால் புழுதிதான் கண்ணுக்குத் தெரியும், நாய் தெரியாது. கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, குச்சிக் கால், கூர் மூக்கு. பெண் கல்யாணமாகிப் போகும்போது கூடக் கொடுத்தனுப்புவதால் அந்தப் பேர் வந்தது என்பார்கள். நிஜமோ, பிற்பாடு கட்டின கதையோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அதை யாரும் விற்கமாட்டார்கள் என்பதுதான். “பொண்ணும் நாயும் கேட்டு வாங்கணும், வெலைக்கு வாங்கப்படாது” என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பெண்ணோடு கொடுத்த குட்டியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் பெண்ணையே திருப்பி அனுப்பின கணக்கு. அதற்குப் பிறகு கொடுத்த வீட்டு வண்டி அந்த வாசலில் நிற்காது. நல்லது கெட்டதுக்கும் நிற்காது. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அந்த ஒரு வண்டியும் வராமல் போனால் பிறந்த வீடு என்று சொல்ல எனக்கு ஒரு திசைகூட மிஞ்சாது.

இந்தச் சங்கதியெல்லாம் ஆற்றுப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. வாய்க்கால் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்கிறவர்கள் மேல், கம்பும் சோளமும் தின்கிறவர்கள் கீழ். என்னைப் பார்க்க வந்த பெண்டுகள் முதல் நாளே என் கைவிரலை அமுக்கிப் பார்த்து, “கரிசக்காட்டுக் கையாக்கும், அதான் காய்ச்சுக் கெடக்கு” என்றார்கள். உழைத்த கையை அமுக்கிப் பார்த்து இரக்கப்படுகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

என் மாமனார் காலமாகிவிட்டதால் அவருடைய அண்ணன் சொல்தான் வீட்டில் சட்டம். இந்தப் பெரிய மாமனார் பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் டவாலிச் சேவகராக இருந்து ஓய்ந்தவர். மார்பில் பித்தளைப் பட்டை மின்னப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. துரைக்கு நாய்கள் உண்டு. அந்த நாய்களைக் குளிப்பாட்டுவதும் சாயங்காலம் நடத்திக்கொண்டு போவதும் இவர் வேலை. ஆகையால் பேட்டையில் நாய் விஷயத்தில் இவரை விஞ்சின ஆள் கிடையாது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி, கன்னிக்குட்டி வரப்போகிறது என்றதும் தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார். “சமீன்தார்மாருக கைகட்டி நின்னு வாங்குத நாயாக்கும். நம்ம வீட்டுக்கு வருது. வந்து பாருங்க.”

வந்து பார்த்தார்கள்.

கல்யாணம் முடிந்து என்னையும் சீரையும் ஏற்றிக்கொண்டு வண்டி பேட்டைக்கு வந்த அன்றைக்கு வாசலில் நல்ல கூட்டம். பித்தளைப் பாத்திரம், கம்பு மூட்டை, மிளகாய் வற்றல், இலவம்பஞ்சுத் தலையணை எல்லாம் இறங்கின. கடைசியில் ஓலைப்பெட்டி. பெரிய மாமனார் தாமே மூடியைத் திறந்தார். உள்ளே குட்டி வண்டி ஆட்டத்தில் வாந்தி எடுத்து, அதிலேயே படுத்து, நடுங்கிக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. மார்பில் சுண்ணாம்பு விரலைத் தடவின மாதிரி ஒரு வெள்ளை. வாலைக் காலுக்கு நடுவே விட்டுக்கொண்டு அது அவரைப் பார்த்தது.

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது என்னது?” என்றார்.

யாரோ பின்னாலிருந்து, “எலிக்குக் காலு மொளச்சிருக்கு அண்ணாச்சி” என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி எனக்கு வேறு வேறு நாளில் வேறு வேறு எண்ணம் இருந்திருக்கிறது. ஆனால் தெருவே கூடியிருக்கையில் சிரிக்கப்பட்டவன் நியாயம் பேசமாட்டான், அது மட்டும் நிச்சயம்.

துரை பங்களாவில் இருந்த நாய்களுக்குக் காது தோள்வரை தொங்குமாம். மயிர் சுருள் சுருளாக இருக்குமாம். ஆகவே சாதி நாய் என்றால் காது தொங்கவேண்டும், மயிர் சுருளவேண்டும். கருவேல முள்ளுக்குள் முயல் பிடிக்கிற நாய்க்குச் சுருள் மயிர் இருந்தால் அது முயலைப் பிடிக்காது, முள்தான் அதைப் பிடிக்கும். இதை யார் அவரிடம் சொல்ல? அதோடு விட்டாரா? குட்டியை முற்றத்தில் இறக்கி, எதிரே நிமிர்ந்து நின்று, விரலை நீட்டி, “சிட்!” என்றார்.

குட்டி கட்டிலுக்கு அடியில் ஓடிற்று.

“பாத்தீகளா? சாதி நாயின்னா சொன்ன ஒடன குண்டியை ஊணி உக்காரும்வே. பங்களாவுல அத்தனையும் உக்காரும்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். கரிசல்காட்டில் கண் திறந்து இன்னும் பால் நாற்றம் போகாத குட்டிக்கு இங்கிலீஷ் தெரியவில்லை, ஆகையால் அதன் பிறப்புச் சரியில்லை! இப்படி ஒரு தீர்ப்பு எந்தக் கச்சேரியிலாவது உண்டா? அப்படிப் பார்த்தால் பேட்டையில் அன்றைக்குக் கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்?

அன்று தொடங்கினது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பால் வாங்க வந்தவள் குட்டியைப் பார்ப்பாள், பருத்திவிதை கேட்டு வந்தவன் குட்டியைப் பார்ப்பான். ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை. காதைப் பிடித்துத் தூக்கினால் கத்தாதது நல்ல சாதி என்று ஒருவன் தூக்கினான். கத்திற்று. வேறொருவன், கத்தினால்தான் ரோஷமுள்ள சாதி என்றான். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒருத்தி சொல்லி, போடவும் போனாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். மேல்வாய் கருப்பாக இருந்தால் சுத்தம், சிவப்பாக இருந்தால் கலப்பு என்று ஒரு பெரியவர் வந்து வாயைப் பிளந்தார். பாதி கருப்பு, பாதி சிவப்பு. அவர் அந்த வாயை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். குட்டிக்கு மூச்சு முட்டிற்று.

பிறரைச் சொல்வானேன், எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது மார்பில் இருந்த அந்த வெள்ளையை எண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. கைதான் மணத்தது. குட்டி என் விரலை நக்கிவிட்டுத் தூங்கிற்று. பத்துப் பேர் பத்து நாள் ஒன்றையே சொன்னால் பெற்றவளுக்கே பிள்ளை மேல் சந்தேகம் வரும் போலிருக்கிறது.

என் மாமியார் கெட்டவள் இல்லை. ஆனால் துறைக்குக் குளிக்கப் போனால் நாலு பேர் கேட்கிறார்கள். அந்த எரிச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து என் காதில்தான் பிழிவாள். “தாயைத் தண்ணித் தொறையில பாத்தா மகளை வீட்டுல போய்ப் பாக்கவேண்டாம்னு சும்மாவா சொன்னாக? நாமதான் ஒண்ணையும் பாக்காம விட்டுட்டோம்.” இதைக் குட்டிக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா என்று கேட்கவேண்டியதில்லை. என் தாயை யாரும் தண்ணீர்த்துறையில் பார்த்ததில்லை என்பது உண்மைதான். எங்கள் ஊரில் துறையே கிடையாது. கிணறுதான், அதிலும் கோடையில் சேறு. அந்தச் சேற்றிலிருந்து ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் கோரி ஒரு குடம் நிறைக்கிற பெண்பிள்ளையை இவர்கள் பார்த்திருந்தால் வேறு பழமொழி சொல்லியிருப்பார்கள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் கோரைப்பாய் வியாபாரம். குட்டி சுவரோரம் போனால் சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நிற்பாள். “கோவிச்சுக்காத புள்ள, எங்க மார்க்கத்துல நாயோட எச்சி பட்டா கழுவணும். நான் தொடமாட்டேன். ஆனா தொடாத எனக்கே தெரியுது, அது பசியில கெடக்கு. தொட்டுத் தொட்டுப் பாக்குதாகளே, ஒரு ஆளுக்குமா தெரியல?” என்றாள் ஒருநாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அல்லா படைச்சதுக்கு என்னத்துக்குப் புள்ள கடுதாசி?” என்றாள்.

கடுதாசி என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. துரை நாய்களுக்குக் கப்பலிலேயே கடுதாசி வருமாம். அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஏழு தலைமுறைக்கு நாய்ப் பேர் எழுதியிருக்குமாம். பெரிய மாமனார் தினமும் இதைச் சொல்லி, “கடுதாசி வேண்டாம். தகப்பன் பேராவது ஒண்ணு வேண்டாமா?” என்பார். நாய்க்கு ஏழு தலைமுறை எழுதுகிறவன் எழுதிக்கொள்ளட்டும், அவன் காகிதம், அவன் மை. அதைப் பார்த்து மயங்கினவருக்கு ஊரில் எல்லாவற்றின் தகப்பனையும் கேட்கிற அதிகாரம் எங்கிருந்து வந்தது?

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிசி மண்டியில் தராசு பிடிக்கிற வேலை அவருக்கு. கடைத்தெருவில் நேர்மையான கை என்று பேர். வீட்டில் அந்தத் தராசு எந்தப் பக்கமும் சாயாது. சாயாது என்றால் நிற்கிற இடத்திலேயே நிற்கும் என்று அர்த்தம். “பெரியப்பா சொல்லுதாக. நான் என்ன செய்யட்டும்? நாய்தான?” என்றார். நாய்தானே! அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் பெரிய மாமனார் எங்கள் பக்கம் திரும்பிப் போகிற பருத்தி வண்டிக்காரன் ஒருவனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். “சீர் சரியில்ல. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு.” எந்தச் சீர் என்று சொல்லவில்லை. என்ன சரியில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லி அனுப்பினபிறகுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணன் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பான்? என்னைப் பற்றித்தான் என்னவோ என்று பதறி மாட்டைப் பூட்டியிருக்கிறான். வழியெல்லாம் சோறு தண்ணீர் இல்லை. வாசலில் என்னை முழுசாகப் பார்த்தபிறகுதான் அவன் முகத்தில் ரத்தம் வந்தது. அதற்குள், “தகப்பன் ஆரு?”

இப்போது செம்பும் கையுமாக நான் நின்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் நிமிர்ந்தான். “குட்டியைப் பத்தியா மாமா கேக்கீக?” என்றான்.

“பின்ன? கன்னின்னு சபையில சொன்னீரு. ஊரே சிரிக்கி. தகப்பன் எந்த வீட்டு நாயி?”

அவன் ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு ஊர், ஏதாவது ஒரு வீடு. பேட்டையிலிருந்து யார் போய்ச் சாட்சி விசாரிக்கப்போகிறார்கள்? நான் மனசுக்குள், சொல்லு அண்ணே, ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் காலைக் கழுவு என்று கும்பிட்டேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“தாய் எங்க வீட்டுல பொறந்தது. அதுக்குத் தாயும் எங்க வீட்டுலதான் பொறந்தது. மேலூர்க் கன்னிக் கடுவன் நாயோடதான் சேத்தோம். சேத்த அன்னைக்கு ராத்திரி தாய் கயித்தை அத்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டு. விடிஞ்சுதான் வந்துச்சு. அங்கன என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல. பாக்காததைப் பாத்தேன்னு எப்படி மாமா சொல்லட்டும்?”

வாசலில் சேர்ந்திருந்த நாலைந்து பேரைப் பார்த்துப் பெரிய மாமனார் கையை விரித்தார். “கேட்டுக்கிடுங்க. அவரு வாயாலயே வந்துட்டு.”

அண்ணன் மேற்கொண்டு வாதாடவில்லை. “சரி மாமா. குட்டியைக் குடுங்க. நான் கொண்டுபோறேன். வேற குட்டி வராது. குடுத்தது திரும்பினா எங்க பக்கத்துல அதுக்கு ஒரு வழமொற இருக்கு. இனிமே எங்க வண்டி இங்கன நிக்காது.” இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான்.

என் வீட்டுக்காரர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தூண்தான்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்த மருமகள், மாமனாருக்கு மூத்தவர் எதிரே நின்று முகம் பார்த்துப் பேசமாட்டாள். வாய் இல்லை என்று அர்த்தமில்லை. அவர் காது கேட்கிற தூரத்தில் அடுப்பிடம் பேசலாம், கோழியிடம் பேசலாம், சட்டியைத் திட்டலாம். அவரும் மருமகளை நேரே அதட்டமாட்டார், திண்டு தலையணையைப் பார்த்துத்தான் அதட்டுவார். அந்த வீட்டில் அதுவரை அவர் காதுபட நான் பேசினதெல்லாம் அம்மியோடும் உரலோடும்தான். அன்றைக்குச் செம்பைக் கீழே வைத்தேன். காலடியில் கிடந்த குட்டியைத் தூக்கினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடையோரத்திலிருந்து வாசல் நடுவுக்கு வந்தேன்.

“ஏட்டி, ஒனக்குத்தான் சொல்லுதேன். நல்லாக் கேட்டுக்கோ. ஒன் அப்பன் ஆருன்னு ஒன் ஆத்தாளுக்குத் தெரியும். வேற ஆருக்கும் தெரியலன்னா அது ஒன் குத்தமா?”

குட்டி என் மோவாயை நக்கிற்று. வாசலில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். வழமுறைப்படி பெரிய மாமனாருக்கும் பேசுவதற்கு அந்தக் குட்டிதான் இருந்தது. தொண்டையைக் கனைத்தார்.

“ஏ குட்டி, சபையில ஒரு வார்த்தை சொன்னா அது நிக்கணும். நிக்கலன்னா அதுக்கு என்ன பேருன்னு கேட்டுக்கோ.”

“ஏட்டி, எங்க அண்ணன் இப்ப ஒரு பொய்யைச் சொல்லிருந்தா இந்நேரம் காலைக் கழுவி, சாப்பிட்டு, சாஞ்சிருக்கும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டு வெயில்ல நிக்கி. அந்த வாயில வந்த வார்த்தை நிக்காதுன்னா, வேற எந்த வாயில வந்தது நிக்கும்னு கேட்டுச் சொல்லு.”

அவர் குட்டியின் காதைப் பார்த்தார், நிமிர்ந்த காதையா மடிந்த காதையா, தெரியவில்லை.

“பங்களாவுல ஏழு தலமொறை எழுதியிருக்கும் குட்டி” என்றார். ஆனால் குரலில் பழைய சத்தம் இல்லை.

“அப்படியா? அப்பப் பெரியவுககிட்டக் கேளுட்டி, இந்த வீட்டு ஏழு தலமொறையும் என்னென்ன பேருன்னு. நாளைக்கு நானும் ஒரு பிள்ளையைப் பெத்து எடுக்கணும்லா. அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். கடுதாசி இல்லன்னு அதையும் ஆராவது திருப்பி அனுப்பிட்டா என்ன செய்ய?”

வாசலில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குத் தம் பாட்டனாரின் பேர் தெரியும், அதற்கு அப்பால் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான். அதில் ஒரு கேவலமும் இல்லை. அடுத்தவனிடம் போய்க் கேட்கும்போதுதான் அது கேவலமாகிறது.

எனக்கு அதற்குமேல் நிற்க மனசில்லை. “வா போவோம். திருப்பி அனுப்புதது உண்டுன்னா ரெண்டையும் சேத்தே அனுப்பட்டும். வண்டி ஒண்ணுதான், பாதையும் ஒண்ணுதான்” என்று குட்டியிடம் சொல்லிக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தேன். அண்ணன், “ஏ தாயி, என்ன பேச்சு இது” என்று குறுக்கே வந்தான். நான் அவனைச் சுற்றிக்கொண்டு போய் வண்டியின் பின்தட்டில் குட்டியை வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அழுகை வந்துவிடும், அழுகை வந்தால் பேசின பேச்செல்லாம் வீணாகிவிடும்.

கதவுக்குப் பின்னாலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. அவளும் மூத்தவர் எதிரே வரமாட்டாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி, பானையைப் பார்த்துச் சொல்கிறமாதிரி சொன்னாள்: “ஒலை கொதிக்கி. கூட ஒரு ஆளுக்கு அரிசி போடணுமா வேண்டாமான்னு ஆராவது சொன்னாத் தேவல. பெறகு கொழஞ்சு போச்சு, பத்தாம போச்சுன்னு என்னையச் சொல்லப்படாது.”

அண்ணன் மாடுகளை அவிழ்க்காமலே நின்றிருந்தான். வந்த விருந்தாளி தானே தன் மாட்டை அவிழ்ப்பது மரியாதை இல்லை, வீட்டு ஆள் வந்து அவிழ்க்கவேண்டும். என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். தூணிலிருந்து கண்ணை எடுத்து அவர் பெரியப்பாவைப் பார்த்தார்.

பெரிய மாமனார் படியை விட்டு இறங்கினார். என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே வண்டியின் முன்பக்கம் போனார். இடது மாட்டின் திமிலில் கையை வைத்து, “நீயாவது ஒன் அப்பன் பேரு தெரியுமான்னு சொல்லு பாப்போம்” என்று அதனிடம் முணுமுணுத்தபடி, அதன் கழுத்திலிருந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார்.